அடிக்குறிப்பில் கிடந்த தீர்ப்பு

மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் கையில் இருந்த எங்கள் பக்கத்து ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. ஜனவரி 6-இல் புதிய தலைவர்கள் பதவியேற்றார்கள். 26-ஆம் தேதி கிராம சபையில், வக்கீலான என்னிடம் பிறகு கட்சிக்காரராக வந்தவர் எழுந்து, புது மேல்நிலைத் தொட்டியில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று கேட்டார். பைக் மெக்கானிக்; இருபத்தைந்து வயதிருக்கும். தீர்மான நோட்டில் அவர் கேள்வி ஏறவேயில்லை.

அன்று ராத்திரி தொட்டியின் வெடிப்பைப் படமெடுத்து, ஒப்பந்தக்காரர் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வியோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள்கூடக் கணக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். பெண்கள் காலிக் குடங்களைப் படமெடுத்துப் போட்டார்கள். கிராம சபையில் பின்வரிசையில் பேசாமல் இருந்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். அரசியலில் இணையம் செய்த மாற்றம் என்றால் எனக்கு அந்தக் குடங்கள்தான் நினைவுக்கு வரும்.

மார்ச் தொடக்கத்தில் கைது. எஃப்.ஐ.ஆரில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ. புண்படுத்துவது, எரிச்சலூட்டுவது என்று எல்லையில்லாத சொற்களை வைத்து மூன்றாண்டுவரை சிறைத் தண்டனை தரும் பிரிவு. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஏறக்குறைய ஐந்தாண்டு கழித்தும் ஸ்டேஷனில் அது உயிரோடு இருந்தது.

"இல்லாத பிரிவில் எப்படி சார் வழக்குப் போடுறீங்க?" என்றேன். அதிகாரி கோபப்படவில்லை. மேசையிலிருந்த சட்டப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். 66ஏ முழுசாக அச்சாகியிருந்தது. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ரத்தான செய்தி. அங்கே விரலை வைத்தேன். "இதை யார் சார் படிக்கிறா?" என்றார்.

2021 ஜூலையில் இதே நிலைமை உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது. புத்தகத்தில் பிரிவு அப்படியே இருக்கிறது, ரத்து அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்று அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி நாரிமனேதான். படித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

எங்கள் வழக்கில் மாஜிஸ்திரேட் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு நகலை முழுக்கப் படித்தார். ரிமாண்ட் செய்ய மறுத்துச் சொந்தப் பிணையில் விட்டார். சேர்த்துப் போட்டிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 505 மட்டும் நின்றது. பீதி கிளப்பினாராம், தொட்டி வெடிப்பைக் காட்டியதில் என்ன பீதி? உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அதுவும் ரத்தானது.

ஆனால் கைதான மறுநாளே பலர் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். குடங்களைப் படமெடுத்த பெண்கள்தான் முதலில். வழக்கு முடிந்த பிறகு அவர்களைத் திரும்பச் சேர்க்க என் கட்சிக்காரர் வீடு வீடாகப் போனார். "எங்க வீட்டுக்காரர் வேண்டாங்கிறார் தம்பி" என்றார்களாம்.