சாரல் காலத்து வைண்டிங் கடை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் அந்த வைண்டிங் கடை. உள்ளே போனதும் வார்னிஷ் நெடி. கருகிய காயிலை வெட்டி எடுத்த ஸ்டேட்டரில் ஒரு பையன் புதுச் செம்புக் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தான். கட்டி முடித்த இன்னொன்றை மரப்பெட்டிக்குள் வைத்து, நூறு வாட் குண்டு பல்பைப் போட்டு மூடினார் மிஸ்திரி. வெளியே சாரல். இந்த ஈரத்தில் வார்னிஷ் லேசில் காயாது.

"ராத்திரி பூரா சூட்டுல கெடக்கட்டும்ல. காலையில மெக்கர் வச்சு, ஒரு மெகா ஓமுக்கு மேல காட்டினாத்தான் மாட்டணும்" என்றார் பையனிடம்.

மூலையில் ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் இருந்தது. "அண்ணாச்சி, இதுக்கும் மெக்கர் போட்டுரவா?" என்று பையன் கேட்டதும் மிஸ்திரி எழுந்தே வந்துவிட்டார். காயிலின் காப்பைச் சோதிக்கும் மெக்கர் தருவது 500 வோல்ட். ஃபேனை ஓட்டும் மின்னணு போர்டைக் கழற்றாமல் வைத்தால் போர்டு போய்விடும். அவரே ஒரு போர்டைப் பலிகொடுத்துத்தான் இதைக் கற்றாராம். போர்டைப் பிரித்துவிட்டு, மோட்டாரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் அளந்து காட்டினார். மூன்று அளவும் ஒன்றுபோல வந்தன. ஆக, காயில் நன்றாக இருக்கிறது; கோளாறு அநேகமாக போர்டில். பையன் அதை நோட்டில் படமாகவே வரைந்துகொண்டான்.

பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். இந்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டுக்குள் முடித்துவிடும். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கே 30 யூனிட்டுக்கு மேல் மிச்சம். முதல் 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் வாழும் வீட்டுக்கு இது பெரிய தொகை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டது. ஆனால் கெட்டுப்போன போர்டைப் பார்க்கத் தெரிந்த கை பக்கத்தில் இல்லையென்றால், வீட்டுக்காரர் பழைய ஃபேனையே திரும்ப மாட்டிக்கொள்வார். மின்சிக்கனம் கடைசியில் இந்த மிஸ்திரிகளின் கையில்தான் நிற்கிறது.

இந்தக் கைகளுக்குப் பாடம் எங்கிருந்து வரும்? ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தயாரிக்கும் நிமி நிறுவனம் நம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. 1986இல் ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. செய்முறைக்குத் தனி நூல், கோட்பாட்டுக்குத் தனி நூல் என்று பிரித்துத் தருவது அதன் முறை. எலக்ட்ரீசியன் நூல்கள் தமிழிலும் உண்டு. நல்ல வேலை அது, மதிக்கிறேன். ஆனால் ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காமல் நேரே கடைக்கு வந்த பையனிடம் அந்த நூல் இல்லை. அவனுக்கு இருப்பது மிஸ்திரியின் வாயும் இந்த நோட்டும்தான்.

இவனுக்கும் நிமி ஒரு கையேடு எழுத வேண்டும். ஒரு கோளாறுக்கு ஒரு தாள் போதும். எதை முதலில் கழற்றுவது, மீட்டரை எங்கே வைப்பது, என்ன அளவு வர வேண்டும், எதைச் செய்யவே கூடாது; அவ்வளவும் படத்தோடு. ஈரம் மிகுந்த ஊர்களுக்குக் காயவைக்கும் முறையும் அதில் வேண்டும். நிமிக்காரர்களே, எழுதும்போது இப்படியொரு மிஸ்திரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்டதும் ஐ.டி.ஐ.களோடு நிறுத்தாமல் வைண்டிங் கடைகளுக்கும் அனுப்புங்கள்.