கட்டியக்காரன் வேஷத்துக்கு வந்த பையன்

கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேட்டில் ஒரு செய்தி உண்டு. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் இங்கே சிவன் கோயிலுக்கு நிலம் விட்டபோது, மண்டபத்தில் பாரதம் வாசிக்கவும் ஒரு பங்கு ஒதுக்கினான். இந்தச் சுற்றுவட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் கோடைத் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து.

கூரத்துக்குப் பக்கத்து ஊரில் ‘திரௌபதி துகில்’ கூத்து பார்க்கப் போயிருந்தேன். கட்டியக்காரன் வேஷம் புதுப் பையனுக்கு. காஞ்சிபுரத்தில் பி.காம். படிக்கிறான். கொட்டகைக்குள் துரியோதனன் வேஷக்காரர், கண்ணாடித் துண்டு பதித்த புஜக்கட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பையனுக்குக் கட்டை கிடையாது. ஒரு குல்லா, கன்னத்தில் வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான்.

“நான் பேச வேண்டியத எழுதிக் குடுங்க வாத்தியாரே.”

“பாட்டுக்குத்தாம்பா நோட்டு. உன் வசனம் சபையில இருக்குது. ராஜா என்ன சொல்றாருன்னு காது குடு.”

கூத்தில் பாட்டும் தாளமும் கட்டுப்பட்டவை. இடையில் வரும் வசனம் அன்றைக்கு, அந்த ஊருக்கு, அந்த நேரத்துக்குப் பிறப்பது. திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவை யாரென்று கேட்பவனும், காவலாளியும், தூதனும் கட்டியக்காரனே.

பையன் முதலில் போனில் கேட்ட நகைச்சுவைகளைக் கொட்டினான். சபை அசையவில்லை. ராஜா கேட்டது ஒன்று, இவன் சொன்னது வேறொன்று. மிருதங்கக்காரர் சட்டென்று ஒரு தீர்மானம் வைத்து அடுத்த பாட்டுக்குத் தாவி அவனைக் காப்பாற்றினார்.

நள்ளிரவு தாண்டி, பாதிப் பேர் பாயில் சாய்ந்துவிட்ட நேரம். “மாதம் மும்மாரி பெய்கிறதா?” என்றார் துரியோதனன்.

பையன் அவரை நிமிர்ந்து பார்த்தான். “பெய்யுது மகாராஜா. கால்வாய அடச்சி வீடு கட்டிட்டாங்க. தண்ணிக்குத்தான் ஏரிக்கு வழி தெரியல.”

படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். பாலாற்றிலிருந்து கால் வெட்டி ஏரிக்கு நீர் கொண்டுவந்ததையும் அதே செப்பேடு சொல்கிறது. அந்தச் சிரிப்பில் எவ்வளவு வலி இருந்ததென்று எனக்குப் புரிந்தது.

துச்சாதனன் துகிலில் கை வைத்தபோது கற்பூரம் ஏற்றினார்கள், பெண்கள் அழுதார்கள். பையன் ஓரமாகக் கைகட்டி நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவு அவன் செய்ததிலேயே எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். கதை முழுவதும் தெரிந்தவனுக்குத்தான் பேசக்கூடாத இடம் தெரியும்.

இந்தக் கல்வியைப் பள்ளிப் படிப்போடு சேர்த்துத் தர, பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். பெண்பிள்ளைகளும் அங்கே ஆடக் கற்றார்கள். 2020இல் அது மூடப்பட்டது பெரிய இழப்பு. இப்போது ஆசையோடு வரும் பிள்ளைக்குக் குழுவே பள்ளிக்கூடம்.

விடிந்ததும் வாத்தியார் பையனைக் கூப்பிட்டார். “அடுத்தது கர்ண மோட்சம். கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி பாட்டெல்லாம் பாடம் பண்ணிட்டு வா.”

“அது என் வேஷம் இல்லியே?”

“அவ பாட்டு தெரியாம அவகிட்ட என்னா பேசுவ?”

நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பையன் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடினான்.