மண் மறவாத சொற்கள்

மனிதர் மறைந்த பின்னும் அவர் இட்ட பெயர் மண்ணில் நிலைத்து நிற்கிறது. இதை நாம் நூல்களில் படித்ததுண்டு. நெஞ்சார உணர்ந்ததோ ஸ்காட்லாந்தில், ஓர் இலையுதிர்கால மாலையில்.

சில ஆண்டுகளுக்கு முன், விடுப்பில் சென்ற குரு ஒருவருக்குப் பதிலாக, அந்நாட்டுச் சிற்றூர்ப் பங்கொன்றில் ஒரு மாதம் பணியாற்றினோம். மரணப் படுக்கையிலிருந்த மூதாட்டி ஒருவருக்கு வழியுணவாக நற்கருணை கொண்டுவருமாறு அழைப்பு வந்தது. வழி கேட்டோம். "பர்னைக் கடந்து, பிரேயின்மேல் ஏறுங்கள்" என்றார் ஒரு முதியவர். குருமடத்தில் நாம் கற்ற ஆங்கிலத்தில் 'பர்ன்' என்றால் எரிதல். தீக்கிரையான கட்டடம் எதையோ குறிப்பிடுகிறார் என்றெண்ணி, ஓடைக்கரை நெடுக அதனைத் தேடி ஒரு மணி நேரம் அலைந்தோம். அந்த ஓடைதான் பர்ன்! வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. மூதாட்டி காத்திருந்தார், நற்கருணை பெற்றார், விடியுமுன் இறைவனடி சேர்ந்தார்.

வீணான அந்த ஒரு மணி நேரம் நம் உள்ளத்தை உறுத்தியது. மறுநாளே அகராதியை எடுத்தோம்.

ஸ்காட்லாந்தின் தாழ்நில மக்கள் பேசும் ஸ்காட்ஸ், ஆங்கிலத்தின் உடன்பிறப்பு. அது பல மொழிகளின் செல்வத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. 'பர்ன்' பழைய ஆங்கிலச் சொல்; செருமானியர் கிணற்றைக் குறிக்கும் 'புருன்னன்' இதன் உறவுச்சொல். குறுகிய பள்ளத்தாக்கு 'கிளென்', அகன்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு 'ஸ்ட்ராத்', ஏரி 'லாக்', கற்குவியல் 'கேர்ன்' ஆகியவை மலைநாட்டுக் கேலிக் மொழியின் கொடை. மலைச்சரிவைக் குறிக்கும் 'பிரே'யோ வடகடலோடிகளான நோர்சு மக்களின் சொல்; அவர்கள் மொழியில் அதற்குப் பொருள் கண்ணிமை மயிர். தாழ்நிலத்தின்மேல் கவிந்த மேட்டை, கண்ணைக் காக்கும் இமையாக எவரோ கண்டிருக்கிறார்!

நம்மை மிகவும் நெகிழச் செய்தது 'கில்' என்னும் முன்னொட்டு. துறவியின் சிற்றறையைக் குறித்த 'செல்லா' என்னும் இலத்தீன் சொல்லே கேலிக்கில் 'கில்' ஆகி, கோவிலைக் குறித்தது. 'கில்பிரைடு' என்றால் புனித பிரிஜித்தின் கோவில். 1560-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் திருப்பலிக்குத் தடை விதித்தது. 1878-இல்தான் கத்தோலிக்க ஆயர் ஆட்சியமைப்பு அங்கே மீண்டும் நிறுவப்பட்டது. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளிலும், தம் ஊர்ப்பெயரைச் சொன்னவர்கள் தம்மையறியாமலே ஒரு புனிதையின் பெயரைச் சொல்லி வந்தனர்.

ஆயினும் பெயர் மட்டும் நிலைத்தால் போதுமா? ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் குடியானவர்கள் 1814-லும் 1819-லும், செம்மறியாட்டுப் பண்ணைகளுக்காக வெளியேற்றப்பட்டனர். பெயர் வரைபடத்தில் எஞ்சியது. அதைத் தம் ஊர் என்று சொன்ன குரல்கள் அகன்றன. பள்ளியில் தாய்ப்பேச்சைப் பேசியதற்காகப் பிரம்படி பட்ட ஸ்காட்லாந்துச் சிறுவர் பலர். 2025-இல்தான் அந்நாட்டு நாடாளுமன்றம் கேலிக், ஸ்காட்ஸ் இரண்டுக்கும் அதிகாரநிலைத் தகுதி தரும் சட்டத்தை நிறைவேற்றியது.

இதைப் படித்தபோது நம் மனச்சான்று நம்மையே சுட்டியது. மறைக்கல்வி வகுப்பில் ஊர்ப்பேச்சில் விடை சொன்ன குழந்தைகளை, "திருத்தமாகச் சொல்" என்று நாமும் எத்தனை முறை தடுத்திருக்கிறோம்! விடை சரியாகவே இருந்தது. பேச்சைத்தான் நாம் மதிக்கவில்லை.

தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக் கொடுத்தது அவரது கலிலேயப் பேச்சு. அவர் பின்பற்றிய ஆண்டவரும் அக்கலிலேயாவில் வளர்ந்தவரே. வாக்கு மனிதரானபோது ஓர் ஊரின் பேச்சையும் தமதாக்கிக் கொண்டார். மக்களின் சொல்லைக் கற்காத மேய்ப்பன், நற்கருணையைக் கையில் ஏந்தியும் வழி தவறுவான் என்பதை ஓர் ஓடைக்கரை நமக்குக் கற்பித்தது. நமக்காகக் காத்திருந்த அம்மூதாட்டியை, திருப்பலியில் இறந்தோரை நினைவுகூரும் வேளைகளில் இன்றும் நினைக்கிறோம்.