தியாகராயரின் ஊரில் ஒரு புடவை வேட்டை

புடவை வாங்க வேண்டுமென்றால் சைதாப்பேட்டைவாசிகளின் கால் தானாகவே தியாகராய நகர்ப் பக்கம் திரும்பும். என் காலும் அப்படிப் பழகியதுதான். வண்ணாரப்பேட்டை என்று யாராவது சொன்னால், "அப்பாடி, அவ்வளவு தூரமா!" என்று மலைக்கிற ரகம் நான். அந்த மலைப்பு தீர்ந்தது எங்கள் அடுத்த வீட்டு மாமியால்.

மாமியின் பெண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டாருக்கு வைத்துக் கொடுக்க 16 புடவைகள் வேண்டும். தி. நகரில் ஒரு பெரிய கடைக்குத் துணையாகப் போனேன். விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மாமி, "கலர் ஒன்றும் பிடிக்கவில்லை, வாம்மா" என்று எழுந்து விட்டார். பிடிக்காதது கலர் அல்ல என்று எனக்குத் தெரியாதா? கையிலிருந்த பணம் பதினோராவது புடவையோடு தீர்ந்திருக்கும்.

"எம்.சி. ரோடு போய்ப் பார்ப்போமா, மாமி?" என்றேன்.

"வண்ணாரப்பேட்டையில் எடுத்தது என்று சம்பந்திக்குத் தெரிந்தால்?" என்று தயங்கினார்.

எப்படியோ சம்மதிக்க வைத்தேன். நீங்களும் எங்களோடு புறப்படுங்கள். 2019-ல் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டை வரை வந்தது; 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டது. சைதாப்பேட்டையில் ஏறினால் வண்டி மாறும் தொல்லை இல்லை. பூமிக்கடியிலேயே போவதால் ஜன்னலில் வேடிக்கை பார்க்க ஒன்றும் கிடையாது. அதனால் என்ன, மாமியின் கல்யாணக் கணக்கைக் கேட்டுக்கொண்டே போனேன்.

வண்ணாரப்பேட்டைக்கு அடுத்த நிலையத்தின் பெயரைப் பாருங்கள்: தியாகராயா கல்லூரி! தியாகராய நகருக்குப் பெயர் தந்த அதே சர் பிட்டி தியாகராயச் செட்டியார்தான். அவர் இந்த வட்டாரத்தில் நெசவுச்சாலை நடத்தியவர். அதற்கும் வெகு காலம் முன்பு, கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் இங்கே குடியிருந்தார்கள். பேட்டைக்குப் பெயர் வந்ததே அவர்களால்தான். இதைச் சொன்னதும் மாமி, "அப்படியானால் துணி விஷயத்தில் இதுதான் மூத்த ஊர் என்று சொல்லு!" என்றார். முகம் சற்றே தெளிந்தது.

அந்த நிலையத்தில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டு நடந்தோம். எம்.சி. ரோடு அப்படியொன்றும் அகலமான வீதி அல்ல. இருபுறமும் ஜவுளிக் கடைகள். நடுவே இரு சக்கர வண்டிகளின் ஓயாத ஹாரன். பகட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாங்கள் நுழைந்த கடையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். கட்டுக் கட்டாகப் புடவைகள் வந்து விழுந்தன.

மாமியின் சாமர்த்தியத்தை அங்கேதான் பார்த்தேன். ஒவ்வொரு புடவையையும் முழுக்கப் பிரிக்கச் சொன்னார். முந்தானையிலிருந்து மறு நுனி வரை கறை, இழை விட்ட இடம் உண்டா என்று பார்த்தார். ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று சோதித்தார். கடை விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் நிறம் பார்த்தார். ரவிக்கைத் துணி சேர்ந்த அளவா என்று கேட்க நான் மறந்தேன், மாமி மறக்கவில்லை. மொத்தமாக எடுக்கிறோம் என்றதும் கடைக்காரர் விலையையும் கொஞ்சம் தளர்த்தினார்.

பதினாறும் அமைந்தன. கையில் மீதியும் இருந்தது. அதில் தமக்கென்று ஒரு சுங்கிடிப் புடவை எடுத்துக் கொண்டார், பதினேழாவதாக. கல்யாணத்துக்கென்று தமக்கு எதுவும் எடுக்காமலே இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பில் போட்டவுடன், "பெயர் போடாத பை இருந்தால் கொடுங்களேன்" என்று மெல்லக் கேட்டார் மாமி. இல்லையாம். கொட்டை எழுத்தில் கடைப் பெயரும் 'பழைய வண்ணாரப்பேட்டை'யும் அச்சிட்ட பைகள்தான் கிடைத்தன. ரயிலில் எழுத்து உட்புறம் இருக்கும்படி மடியில் வைத்துக் கொண்டார்.

எதிரே இருந்த ஓர் அம்மாள் பையிலிருந்து எட்டிப் பார்த்த சுங்கிடியையே பார்த்துக் கொண்டிருந்தார். "எங்கே எடுத்தீர்கள், என்ன விலை?" என்று கேட்டே விட்டார்.

மாமி விலையைச் சொன்னார். அந்த அம்மாள் நம்பவில்லை. மாமி பையைத் திருப்பி, எழுத்து தெரியும்படி காட்டினார்.