27 கிலோமீட்டர் வளையம், 2 வருஷ கான்ட்ராக்ட்!

ஜெனிவா கார்னவா ஸ்டேஷன் வாசலில் 18-ம் நம்பர் ட்ராம் பிடித்தால், அரை மணி நேரத்துக்குள் ‘செர்ன்’ வந்துவிடும். சயின்ஸ் ஃபிக்‌ஷன் பட செட் மாதிரி இருக்கும்னு நினைத்துப் போனால், பழைய பி.டபிள்யூ.டி. ஆபீஸ் மாதிரி கட்டடங்கள்! 1954-ல் ஆரம்பித்த இடம் பாஸ். கட்டட நம்பர்களில் வரிசையே கிடையாது. ‘ஐன்ஸ்டீன் ரோட்டுல லெஃப்ட் எடு’ன்னு வழி சொல்வார்கள், சீரியஸாகவே!

2025 கோடையில் இங்கே ஸ்டூடண்ட் இன்டர்னாக இருந்தேன். நமக்கு குவான்டம் என்றால் ஃபர்ஸ்ட் செமஸ்டர் பிசிக்ஸில் ஒரு யூனிட், அவ்வளவுதான். பக்கத்து டேபிளில் ஒரு இத்தாலிக்காரர். பிஹெச்.டி. முடித்து போஸ்ட்-டாக் செய்கிறவர். முப்பது வயசு இருக்கும். மனசுக்குள் அவருக்கு நான் வைத்த பெயர் ‘அக்கா’.

அக்கா குடியிருந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்ஸில் உள்ள சான்-ஜெனி கிராமத்தில். காரணம் சிம்பிள்... ஜெனிவா வாடகை! தினமும் சைக்கிளில் நாடு விட்டு நாடு வந்து வேலை பார்ப்பார்.

என்ன வேலை? பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையம். அதில் புரோட்டான்கள் விநாடிக்கு 11,245 சுற்று ஓடி மோதிக்கொள்ளும். காந்தங்களைக் குளிர வைத்திருப்பது மைனஸ் 271 டிகிரியில். ஆனால், மெஷின் ஓடும்போது கதிர்வீச்சு காரணமாக யாரும் கீழே போக முடியாது. அக்காவுக்கு முழுநேர வேலை லேப்டாப்பில்தான். சி-பிளஸ்பிளஸ், பைத்தான், அப்புறம் மீட்டிங்... மீட்டிங்... மீட்டிங்! நம்ம சி.எஸ். பசங்க பொழைப்புதான்.

மாசத்தில் சில நாள் கன்ட்ரோல் ரூமில் எட்டு மணி நேர ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட்டில் திரைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். எதுவும் நடக்காமல் இருந்தால் நல்ல ஷிஃப்ட். 2016-ல் மரநாய் மாதிரி ஒரு குட்டி விலங்கு டிரான்ஸ்ஃபார்மரில் வாயை வைத்து, மொத்த மெஷினையும் நிறுத்தியது. மின்வாரியக் கதை எல்லா ஊருக்கும் பொதுதான் போல!

அக்காவின் கான்ட்ராக்ட் 2 வருஷம். அதில் பாக்கி 5 மாசம். புதுசாக ஒரு துகள் இருக்கிறதா என்று தேடுவதுதான் அவர் டாபிக். இதில் ஒரு கொடுமையான ரூல் உண்டு. புது துகள் தெரிய வாய்ப்புள்ள பகுதியின் டேட்டாவை மூடியே வைத்திருப்பார்கள். தேடும் முறை சரி என்று குழு ஒப்புக்கொண்ட பிறகுதான் திறக்கலாம். முன்னாடியே எட்டிப் பார்த்தால், ஆசைக்குத் தகுந்த மாதிரி கணக்கை வளைத்துவிடுவோம் இல்லையா? பிட் அடிக்காமல் ஒன்றரை வருஷம் பரீட்சை எழுதுவதை நினைத்துப் பாருங்கள்!

“கிடைச்சா வேலை நிரந்தரமா?” என்று கேட்டேன். சிரித்தார். நிரந்தர இடங்கள் ரொம்பக் குறைவு. கட்டுரையில் சுமார் 3,000 பேர் பெயர் ஏ, பி, சி வரிசையில் வரும். அதில் அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு ஆராய்ச்சி. அவருடைய பாய்ஃப்ரெண்டும் இயற்பியல்காரர்தான். ஜப்பானில் இருந்தார்!

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் அறிவிப்பைக் கேட்க, இங்கே முதல் நாள் ராத்திரியே க்யூ நின்றார்களாம். நம்ம ஊர் ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோ மாதிரி. அப்போது அக்கா ப்ளஸ் டூ வயசு. நியூஸில் அதைப் பார்த்துத்தான் பிசிக்ஸ் எடுத்தாராம்.

ஹாஸ்டல் கட்டடம் பக்கத்தில் 2 மீட்டர் உயர நடராஜர் சிலை ஒன்று நிற்கிறது. 2004-ல் இந்தியா கொடுத்த பரிசு. ஸ்கூல் டூரில் சிதம்பரம் போன எனக்கு, அந்தக் குளிரில் தூக்கிய திருவடியைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அக்காவுக்கு முயலகன் யாரென்று விளக்கப் போய், அரை மணி நேரம் ஓடியது.

ஆகஸ்ட்டில் டேட்டாவைத் திறக்க அனுமதி கிடைத்தது. சின்ன அறை, ஏழெட்டு பேர், வீடியோவில் இன்னும் சிலர். அக்கா என்டர் தட்டினார். கிராஃப் வந்தது. பழைய தியரி போட்ட கோட்டின் மேலேயே புள்ளிகள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. புதுசாக எதுவுமே இல்லை. ரெண்டு பேர் கை தட்டினார்கள். ‘இந்த எடைக்குள் இப்படியொரு துகள் இல்லை’ என்பதும் ரிசல்ட்தான், பேப்பராக வரும் என்றார் புரொஃபசர். அக்கா தலையாட்டிவிட்டு காபி வாங்கப் போனார்.

சாயங்காலம் பார்த்தால், ஹாம்பர்க் வேலை இன்டர்வியூவுக்கு ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தார். முதல் ஸ்லைடில் அதே கிராஃப்.