ஐதராபாத் கருங்கல்லும் அதைப் பிளப்பவர்களும்

ஐதராபாத் நகரம் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையான கிரானைட்டின் மேல் அமைந்திருக்கிறது. கோல்கொண்டா மலை, மௌலா அலி குன்று, காஜாகூடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைப் பாறைகள் யாவும் இந்தக் கல்தான். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கிய பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகியதால் இது உண்டானது. மேலே மூடியிருந்த பாறை அரித்துப்போன பிறகே வெளியே தெரிந்தது.

குழம்பு மெதுவாகக் குளிர்ந்தால் படிகங்கள் வளர நேரம் கிடைக்கும். அதனால் கிரானைட்டின் பரல்களை வெறுங்கண்ணாலேயே பிரித்தறியலாம்: இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார், சாம்பல் நிறக் குவார்ட்ஸ், கரிய மைக்கா. நகருக்கு மேற்கே விகாராபாத் பக்கம் கிடைப்பது பசால்ட். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு தரைமேல் விரைவாக உறைந்த கல் அது. பரல்கள் மிக நுண்ணியவை. பரல் அளவில் இரண்டுக்கும் இடைப்பட்டது டோலரைட். கிரானைட்டின் வெடிப்புகளுக்குள் புகுந்து உறைந்த இந்தக் கருஞ்சுவர்கள் ஐதராபாத்தைச் சுற்றிப் பல இடங்களில் தென்படுகின்றன. குளிர்ந்த கிரானைட்டைத் தொட்ட ஓரங்களில் பரல் பொடியாகவும், சூடு தங்கிய நடுப்பகுதியில் பருமனாகவும் இருக்கும். குளிரும் வேகத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் வேகம் மட்டுமே பரலின் அளவை முடிவு செய்வதில்லை. கிரானைட்டுக்குள் ஓடும் பெக்மடைட் நரம்புகளில் விரல் நீள ஃபெல்ஸ்பார் படிகங்களும் உண்டு. கடைசியாக எஞ்சிய குழம்பில் நீர் மிகுந்திருந்ததால் அவை அவ்வளவு பெரிதாக வளர்ந்தன.

நிறமும் எடையும் வேதிச் சேர்மானத்தைப் பொறுத்தவை. கிரானைட்டில் சிலிக்கா சுமார் 70 சதவீதம். பசால்ட்டில் அது 50 சதவீதம் அளவுக்குக் குறைந்து, இரும்பும் மக்னீசியமும் கூடுவதால் கல் கறுத்துக் கனக்கிறது. டோலரைட்டின் சேர்மானமும் பசால்ட்டுடையதே. பரல் அளவுதான் வேறு. கிரானைட்டின் சேர்மானமுள்ள குழம்பு தரைமேல் வந்து உறைந்திருந்தால் அதற்கு ரயோலைட் என்று பெயர்.

ஐதராபாத்தின் கிரானைட்டை உடைப்பது வட்டெரர் குடியினர் தலைமுறைகளாகச் செய்துவரும் தொழில். நகரின் விளிம்பில் நான் பார்த்த கல்வேலையில், முதலில் பாறையைத் தட்டி ஓசை கேட்டார்கள். உள்வெடிப்புள்ள கல் மந்தமாக ஒலிக்கும். பின்பு நேர்கோட்டில் குழிகள் எடுத்து, இரும்பு ஆப்புகளைச் செருகி, சம்மட்டியால் வரிசையாக அடித்தார்கள். கிரானைட் எல்லாப் பக்கமும் ஒரேபோல் பிளப்பதில்லை. பரல்களுக்குள், குறிப்பாகக் குவார்ட்ஸில், நுண்வெடிப்புகள் ஒரு திசையில் அமைந்திருப்பதால் அந்தப் பக்கம் எளிதில் விட்டுக்கொடுக்கும். நுண்ணோக்கி தேவைப்படும் அந்தத் திசையை அவர்கள் கையாலும் காதாலும் கண்டுகொள்கிறார்கள். குதுப் ஷாஹி மன்னர்கள் தொடங்கி 1694இல் ஔரங்கசீப் காலத்தில் முடிந்த ஐதராபாத் மக்கா மசூதியின் பெருங்கற்கள் இத்தகைய அறிவில்லாமல் எழுந்திருக்க முடியாது.

கல்லின் சேர்மானம் உழைப்பவரின் நெஞ்சையும் தொடுகிறது. கிரானைட்டில் ஏறக்குறைய கால் பங்கு குவார்ட்ஸ். அதை அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது, அதுவே சிலிக்கோசிஸ். முற்றிலும் குணப்படுத்த மருந்தில்லை. துளைக்கும் இயந்திரங்கள் வந்தபின் தூசி பெருகிவிட்டது. மூக்கில் கட்டும் துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. துளையிடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சுவதும், தகுந்த முகக்கவசம் தருவதும் வேலை தருபவரின் கடமை.