பட்டவன் சொல்லணும்

அரியாங்குப்பத்தில் ஒரு காலேஜ் பையன். பகலில் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் வருவான், சாயங்காலம் சிலம்பம், ராத்திரி அனிமே. இதில் எது முக்கியம் என்று கேட்டால் கடைசியிலிருந்துதான் வரிசை சொல்வான் :-) சோனி யாய் சேனலில் நருட்டோ ஷிப்புடென் 2022-இல் தமிழ் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே ஜப்பானிய மொழியில் சப்டைட்டிலோடு பார்த்து முடித்த கோஷ்டி அது. அவனும் கூடப் படிக்கும் நாலு பேரும்.

ஐந்து பேரும் சேர்ந்து ஆன்லைனில் ஒரு எழுத்து விளையாட்டு ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு நிஞ்ஜா. படம் கிடையாது, கிராபிக்ஸ் கிடையாது. ஒருவன் தன் ஆள் என்ன செய்கிறான் என்று எழுதுவான், அடுத்தவன் அதற்குப் பதில் எழுதுவான். நருட்டோவில் இலைக் கிராமம் மாதிரி இவர்களுக்கு அரிக்கமேடு. (ஊர்ப் பாசம்! ரோமானியர்கள் அங்கேதான் சிலம்பக் கம்பு வாங்கிப் போனார்கள் என்று மேடைகளில் பேசுவார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது பேசப்பட்டதென்னவோ இத்தாலி மண்பாண்டமும் ஆம்போரா ஜாடித் துண்டுகளும்தான். ஆற்றங்கரை ஈர மண்ணில் மூங்கில் இரண்டாயிரம் வருஷம் கிடக்குமா என்பதும் நியாயமான கேள்விதான்.)

விளையாட்டு என்றால் விதி வேண்டுமே. "நீதான்டா நிஜமாவே அடி வாங்குறவன், நீயே எழுது" என்று தள்ளிவிட்டார்கள். அவனும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் தலைவலி பயிற்சி. ஒரு வித்தையைக் கற்க இத்தனை நாள் என்று வைத்தான். உடனே ஒருத்தன் நிழல் நகலைக் கொண்டுவந்தான். நருட்டோ நூற்றுக்கணக்கில் தன்னைப் போலவே ஆட்களை உருவாக்கிப் பயிற்சி செய்வான், நகல் மறைந்ததும் அது கற்றதெல்லாம் அவனுக்கே வந்து சேரும். காற்று வித்தையை அப்படித்தான் சீக்கிரம் கற்றான். அனிமேவில் பார்க்க அருமை, விளையாட்டில் விட்டால் நாசம். ஒரு மாச வேலையை எல்லோரும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்து நிற்பார்கள். ஆகவே நகல் சண்டைக்கு மட்டும், பயிற்சிக்கு இல்லை என்று எழுதினான். அடுத்தவன் டிராகன் பால் கோக்கு போல நூறு மடங்கு ஈர்ப்பு விசையில் பயிற்சி கேட்டான். அதற்குப் பதிலே எழுதவில்லை.

அவன் மனசில் இருந்தது வேறு. சிலம்பத்தில் சேர்ந்தபோது வாத்தியார் மாசக்கணக்கில் கம்பையே கையில் கொடுக்கவில்லை. காலடி, காலடி, காலடி. மண்ணில் கோடு போட்டு, அதன்மேல் முன்னே பின்னே போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்புறம்தான் நெற்றி உயரக் கம்பு, வணக்கம், வீச்சு எல்லாம். விளையாட்டிலும் புது ஆள் முதல் மாசம் வெறும் காலடி என்று ஒரு விதி போட்டான். "விளையாட வந்தவனை நடக்க விடுறியா?" என்று நாலு பேரும் கத்தினார்கள். விதி அன்றைக்கே செத்தது. அனிமேவே பயிற்சியை ஒரு பாட்டு போட்டு மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுகிறதே, இவர்களைச் சொல்லி என்ன பயன்.

இரண்டாவது, சண்டை. எல்லா ரோல்பிளேயிங் விளையாட்டிலும் போல ஆளுக்கு நூறு உயிர்ப் புள்ளி என்றுதான் தொடங்கினான். இந்த உயிர்ப் புள்ளிக்கு ஒரு கதை உண்டு. 1974-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை கேரி கைகாக்ஸோடு சேர்ந்து உருவாக்கிய டேவ் ஆர்னசன், அதற்கு முன் அமெரிக்க உள்நாட்டுப் போர் இரும்புக் கப்பல்களை வைத்து ஒரு விளையாட்டு செய்திருந்தார். எத்தனை குண்டு தாங்கும் என்ற கணக்கை அங்கிருந்துதான் எடுத்தார். அதாவது கப்பலுக்குப் போட்ட கணக்கு மனுஷனுக்கு வந்துவிட்டது. கப்பல் பத்து குண்டு வாங்கிக்கொண்டும் மிதக்கலாம். மணிக்கட்டில் ஒரு கம்படி வாங்கியவனுக்கு மீதி எவ்வளவு பலம் இருந்தாலும் பிரயோஜனமில்லை, கம்பு கீழே விழுந்துவிடும். அவனுக்கு இது சொந்த மணிக்கட்டில் தெரிந்த விஷயம்.

புள்ளியைத் தூக்கினான். எங்கே பட்டது என்பதுதான் கணக்கு. நிஞ்ஜாவுக்கு வித்தை காட்டக் கை முத்திரை வேண்டும், ஆகவே மணிக்கட்டில் பட்டால் மூன்று டர்ன் முத்திரை கிடையாது. முழங்காலில் பட்டால் தாவல் கிடையாது. இந்த விதி எல்லோருக்கும் பிடித்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல விதி.

விவகாரம் இங்கேதான் ஆரம்பம். எழுத்து விளையாட்டில் பொதுவாக ஒரு தர்மம் உண்டு. "உன்னை அடித்தேன், நீ விழுந்தாய்" என்று எழுதக்கூடாது. அதற்கு காட்மோடிங் என்று பெயர், கடவுள் வேலை. "மணிக்கட்டைப் பார்த்து வீசினேன்" என்பதோடு நிறுத்த வேண்டும். பட்டதா இல்லையா என்று எதிராளிதான் எழுதணும். கோஷ்டியில் ஒருத்தனுக்கு எப்போதும் படவே படாது. "மின்னலாக விலகினேன்." "அது என் பிம்பம்." "பட்டது கட்டையில், நான் மரத்தின் மேல்." நாலு ராத்திரி ஒரே சண்டை, ஒரு கீறல்கூட இல்லை. ஐந்தாம் நாள் காலேஜ் கேன்டீனில் நிஜமாகவே வாய்ச்சண்டை. ஒருத்தன் தாயம் உருட்டலாம் என்றான். இன்னொருத்தன் நடுவர் வைக்கலாம் என்றான். ஒன்றாம் கிளாஸிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

சிலம்பப் போட்டியில் நடுவர் உண்டு. தலைக்கவசம், மார்புக் கவசம் போட்டு, தொட்டால் புள்ளி. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக மேடையேறியது. பழைய முறைகளும் உண்டு. எதிராளி கம்பைத் தட்டிப் பறிப்பது ஒன்று. காலடியில் பணப்பை வைத்து, அதை எடுக்கவிடாமல் காப்பது இன்னொன்று. நெற்றியைத் தொட்டால் முடிந்தது ஆட்டம் என்பதும் உண்டு. இதில் ஏதாவது ஒன்றைச் சுட்டுவிடலாம் என்றுதான் அன்று சாயங்காலம் வாத்தியாரிடம் போனான்.

"மாஸ்டர், இங்க பயிற்சியில யாரும் நடுவர் இல்லையே, பட்டுதா படலையான்னு எப்படி?"

"பட்டவன் சொல்லணும்."

"பட்டும் சொல்லாம விட்டா?"

வாத்தியார் கம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, நிமிராமல், "போன வருஷம் சின்னப் பையன் ஒருத்தன் வீசுனதுல உனக்கு விலாவுல பட்டுச்சே தம்பி, சொன்னியா?" என்றார்.

சொல்லவில்லை. மூன்று வருஷம் சீனியர், எட்டாங்கிளாஸ் பையன் கம்பு பட்டது என்று எப்படிச் சொல்வது? கையைத் தூக்காமல் அப்படியே ஆட்டத்தைத் தொடர்ந்தான். ஒரு வாரம் குப்புறப் படுக்க முடியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

ராத்திரி உட்கார்ந்து விதியை மாற்றினான். தாயமும் வேண்டாம், நடுவரும் வேண்டாம். பட்டவன்தான் சொல்லணும். கூடவே ஒரு வரி: எங்கே எப்படிப் பட்டது என்று ஒழுங்காக எழுதுகிறவனுக்கு அது ஒரு நாள் பயிற்சியாகக் கணக்கு. "அடி வாங்கினா மார்க்கா?" என்று கிண்டல் செய்தார்கள். வைத்துப் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்கள். படவே படாத அந்தப் பையன் இரண்டு நாள் ஒன்றுமே எழுதவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு எழுதினான்: "பட்டது. வலது மணிக்கட்டு. ஓரடி தாமதமா விலகினேன்." மூன்று டர்ன் முத்திரை இல்லாமல், வெறும் காலை வைத்தே தப்பித்துக்கொண்டிருந்தான். அதுவரை நடந்த சண்டைகளில் எல்லோரும் உட்கார்ந்து படித்தது அதைத்தான்.

விதி எழுதியவன் மறுநாள் மைதானத்தில் அந்தச் சின்னப் பையனைத் தேடிப் போனான். அவன் இப்போது ஒன்பதாவது, உயரம் கூடிவிட்டது.

"டேய், போன வருஷம் விலாவுல... அது பட்டுச்சுடா."

"தெரியும்ணா," என்றான் அவன். "கம்பு எடுங்க."